கேள்வி பதினான்கு

படகு உண்டா என்று கேட்கிறது கைக்கணினி.
இல்லை என்று தொட்டால்
நேராக முப்பத்தொன்றுக்குத் தாவுகிறது:
கூரை ஓலையா, ஓடா, தகரமா.
இடையில் பதினாறு கேள்விகள்.
போன நாள், போன கூலி,
எண்ணெய் மிதந்த வாரங்கள்,
வெயிலில் எத்தனை முறை மயங்கினீர்கள்.
மணலி பஸ் ஜன்னலில்
ஓடி மறையும் வீடுகளைப் போல
ஒன்றும் நிற்பதில்லை.

நான் ஒப்பந்த ஊழியர். நாளுக்கு அறுநூறு.
நாட்டின் காலநிலைத் திட்டத்தில்
கடலோர அத்தியாயத்துக்கு
எண்ணூரிலிருந்து நூற்றிருபது வீடு
என் பங்கு.

அஞ்சலாட்சி முகத்துவாரத்தில் இருந்தாள்,
சாம்பல் படிந்த சேற்றில் இடுப்பளவு.
இரண்டு கையும் அடியில்
இறாலைத் துழாவ
பனையோலைப் பறியைப்
பல்லால் கடித்திருந்தாள்.
கரையில் நின்று கேட்டேன்,
படகு உண்டா?
தலையை ஆட்டினாள்.
பறியைக் கடித்தவளால்
அவ்வளவுதான் பேச முடியும்.

பிறகு கரையேறிச் சொன்னாள்:
"படகு வச்சினுகீறவனுக்கு மட்டுமா
ஆத்துல எண்ண வந்துச்சி?
போன தபா துட்டு குடுக்க சொல்ல
படகு நம்பர் கேட்டானுங்கோ.
கைக்கு இன்னாமா நம்பரு?"
விரலைக் காட்டினாள்.
முள் குத்தியது எது, கிளிஞ்சல் கிழித்தது எது,
சுடுதண்ணீர் உரித்தது எதுவென்று
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம்
திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில்.
காலை பதினொன்றுக்கு.
அன்றைக்கு வத்தம் பத்தரைக்கு.
தண்ணீர் இறங்கிக் கிடக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான்
அவர்களுடைய நாள் இருக்கிறது.
பெண்கள் வருகை குறைவு,
காரணம் ஆர்வமின்மை என்று
குறிப்பில் ஏறியது.
தட்டச்சு செய்தது நான்.

வரைவில் ஒன்பதாம் அத்தியாயம் பெண்களுக்கு.
இரண்டு பக்கம், அதில் பாதி படம்:
வெடித்த நிலத்தில் குடத்தோடு சிரிக்கும் ஒருத்தி.
எந்த ஊரோ.
எண்ணூரில் நிலம் வெடிக்காது,
ஊறித்தான் போகும்.
மற்ற எட்டு அத்தியாயங்களிலும் தேடினேன்.
போக்குவரத்தில்,
இறால் கூடையைப் பார்த்ததும்
விசில் ஊதிவிடும் கண்டக்டர் இல்லை.
பேரிடரில்,
கொருக்குப்பேட்டைப் பள்ளிக்கூட முகாமில்
முந்நூறு பேருக்கு இரண்டு கக்கூஸ் என்பதால்
மாதவிலக்கான இரண்டு நாளும்
தண்ணீரே குடிக்காமல் இருந்த
நானும் இல்லை.

மறுநாள் போய் "ஆம்" என்று தொட்டேன்.
படகின் நீளம் கேட்டது.
அஞ்சலாட்சி கை இரண்டையும் விரித்தாள்,
துப்பட்டாவால் அளந்தேன். ஐந்தடி.
எஞ்சின் இல்லை. ஆள் ஒருவர்.
பதிவு எண் இல்லாமல் விட மாட்டேன் என்றது.
என் பிறந்த தேதியைப் போட்டேன்.

பதினாறு கேள்விகளும் திறந்தன.
ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் யோசித்தாள்.
மயக்கம் எத்தனை முறை என்றதற்கு
பக்கத்து வீட்டுப் பொன்னுருவியைக் கூப்பிட்டு
"அன்னிக்கி நீதானடி என்னைத் தூக்கினு வந்தே,
அத்த ஒண்ணா ரெண்டா எழுதறது?" என்றாள்.
பொன்னுருவியும் உட்கார்ந்தாள்.
அப்புறம் அந்தத் தெரு.

ஐந்து நாள் கழித்து மேற்பார்வையாளர் போன் செய்தார்.
ஒரே தெருவில் நாற்பத்தொரு படகு,
எல்லாம் ஐந்தடி,
கட்டுமரம்கூட இவ்வளவு குட்டையாக இருக்காதே,
எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர் வேறு,
என்ன மேடம் இது?
"வாங்க சார், காட்டறேன்" என்றேன்.
"பதினொன்றுக்கு வேண்டாம்.
வத்தம் பார்த்துதான் வரணும்."
கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.
வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகு கேட்டார்,
"வத்தம்னா?"